தலைவரின் ஞாபகசக்தி

எங்கள் அப்பாவைத் தலைவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கதையை எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள். அப்பா போர்ட் பிளேர் கப்பல் துறையில் லஸ்கர். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் படகு வந்து ஒட்டும்போது வடக்கயிற்றைப் பிடித்துக் கட்டுகிற வேலை. ஒருநாள் வெளித்தீவிலிருந்து வந்த படகில் தலைவர் இறங்கினார். மாலையோடு காத்திருந்த கட்சிக்காரர்களைத் தாண்டி நேராக அப்பாவிடம் வந்தார்.

"என்ன முருகேசன், பொண்ணு கேமரா படிப்பு முடிச்சிட்டு வந்துட்டாளாமே? வேலைக்கு அனுப்புங்க நம்ம சேனலுக்கு" என்று தோளில் கைவைத்தார்.

அப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. டெலானிபூர் குவார்ட்டர்ஸில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "எத்தனை ஆயிரம் பேரைப் பாக்குறவரு! என் பேரு ஞாபகம் இருக்கு பாரு அவருக்கு!"

அந்த ஞாபகம் யாருடையது என்று எனக்கு அப்போதே தெரியும். அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்த நான் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தேன். தலைவருக்கு அரையடி பின்னால் பருத்திச் சுடிதாரில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். கையில் தலைவரின் தண்ணீர் பாட்டில். முகம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்க, உதடு மட்டும் அசைந்தது. "முருகேசன். ராமநாதபுரம். பொண்ணு கேமரா கோர்ஸ்." அவ்வளவுதான். தலைவர் அதை வாங்கி, தன் குரலில் ஊற்றிக் கொடுத்தார்.

அவள் தலைவரின் ஒரே மகள். எங்களுக்கு அக்கா. ஹிந்தி பேசுகிறவர்களுக்கும் வங்காளிகளுக்கும் தீதி. தலைவரின் தம்பிக்கு மட்டும் பாப்பா. அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே சொல்லவில்லை.

அக்காவுக்கு என் அம்மாவைத் தெரிந்தது ரேஷன் கடை வரிசையில். ஒரே ஒருமுறை. அம்மா தன் வழக்கப்படி, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணிடம் வீட்டுக் கதை முழுவதையும் சொல்லியிருக்கிறாள். அக்கா அதில் ஒரு வார்த்தையையும் கீழே விடவில்லை.

*

அவர்கள் குடும்பம் கைதிகள் காலத்திலேயே தீவுக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழும் ஹிந்தியும் ஒரே வாக்கியத்தில் ஓடும். பத்துபஸ்தியில் அவர்களுடைய மாடிவீட்டில்தான் எல்லாமே. கீழ்த்தளம் கட்சி அலுவலகம். நடுத்தளம் வீடு. மேல்தளம் கேபிள் சேனல். விமான நிலையம் பக்கத்திலேயே இருந்ததால் ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் செய்தி வாசிப்பை நிறுத்த வேண்டும். "ஜானே தோ" என்பாள் அக்கா, கையை உயர்த்தி. போகட்டும். கண்ணாடி அதிர்வது நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பாள். அப்புறம் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவாள்.

"என்னோட டிராவல் எல்லாம் இந்தப் படியிலதான் செல்வி" என்று ஒருமுறை சொன்னாள். "மேல ஏறினா ரிப்போர்ட்டர், கீழ இறங்கினா தலைவர் பொண்ணு, நடுவுல நின்னா சமையல்காரி."

கேமராவும் எடிட்டிங்கும் நான். செய்தி சேகரிப்பது, எழுதுவது, தமிழிலும் ஹிந்தியிலும் வாசிப்பது எல்லாம் அக்கா. தண்ணீர் விடாத தெரு, கூரை பறந்த பள்ளிக்கூடம், கப்பல் டிக்கெட்டுக்கு நாள்கணக்கில் நிற்கிற கூட்டம், இவைதான் எங்கள் செய்தி. ஒரு தெருவுக்குள் போனால் மைக்கை நீட்டமாட்டாள். முதலில் பெயர். அப்புறம் ஊர். மாமியாருக்கு என்ன உடம்பு, பிள்ளை எங்கே படிக்கிறான். கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு எனக்குக் கை கடுத்துப் போகும்.

"எப்படிக்கா இத்தனையும் மண்டையில நிக்குது?"

"பேரு தனியா நிக்காதுடி. அவங்க கவலையோட சேத்து வெச்சா நிக்கும்."

அடுத்தமுறை அதே தெருவுக்குப் போகும்போது, வாசலில் நிற்கிற கிழவியிடம், "மௌஸி, கண்ணு ஆபரேஷன் ஆச்சா?" என்று கேட்பாள். அந்த முகங்கள் மலர்வதை நான் எத்தனையோ முறை படம் பிடித்திருக்கிறேன். செய்தியில் அதற்கு இடம் இருக்காது. வெட்டிவிடுவோம்.

*

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைவரின் தம்பி, கட்சியின் செயலாளர். தலைவர் மேடையில் சிரித்தால், அந்த மேடைக்கு ஆள் கொண்டுவந்தவர் இவராக இருப்பார். நல்ல மனிதர்போலத்தான் பேசுவார். சாயங்காலமானால் தட்டில் சமோசாவோடு மேல்தளத்துக்கு ஏறி வருவார்.

"பாப்பா, இன்னைக்கு எந்தப் பக்கம் போனீங்க? என்ன பேசிக்கிறாங்க ஜனங்க?"

அக்கா கதைபோலச் சொல்வாள். யார் வீட்டில் கல்யாணம், யாருக்குத் தண்ணீர் வரவில்லை, யார் அப்பாமேல் கோபமாக இருக்கிறார்கள். சொல்வதால் நல்லது நடந்தது என்பதும் உண்மை. மறுநாளே ஒரு தெருவுக்குத் தண்ணீர் லாரி போகும். ஒரு விதவைக்கு நின்றுபோன பென்ஷன் வரும். அக்காவுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அப்பாவின் காதும் கண்ணும் தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஜங்க்ளிகாட் பக்கம் மீன் விற்கிற ஒரு தெலுங்கு அம்மா இருந்தாள். அப்பளம்மா. மீன் சந்தையில் கழிவுநீர் தேங்குவதைப் படமெடுக்கப் போனபோது, பேட்டி முடிந்து மைக்கை மடக்கிய பிறகு, அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "தீதி, நுவ்வு நல்ல பொண்ணு. ஆனா இந்தத் தடவை உங்க அப்பாவுக்கு ஓட்டு கிடையாது. எங்க ஆளுங்க எல்லாம் பேசிட்டோம்."

அக்கா சிரித்தாள். சாயங்காலம் சித்தப்பாவிடமும் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "நேராவே சொல்லிட்டாங்க சித்தப்பா. அப்பளம்மா. அவங்க புருஷன்கூட டிபார்ட்மெண்ட்ல மஸ்தூரா இருக்காரே, அவங்கதான்."

மாதம் முடிவதற்குள் அப்பளம்மாவின் புருஷனுடைய தினக்கூலி வேலை போய்விட்டது. ஆள்குறைப்பு என்றார்கள். அந்தப் பிரிவில் குறைந்தது அவர் ஒருவர் மட்டும்தான்.

அப்பளம்மாவே வந்து சொன்னாள். திட்டவில்லை. எங்கள் படியடியில் நின்று, "நீ சொல்லி வேலையை வாங்கிக் குடு தீதி" என்றுதான் கேட்டாள். யார் சொல்லிப் போனது என்று அவளுக்குத் தெரியாது. அக்கா விறுவிறுவென்று நடுத்தளத்துக்குப் போனாள். நான் படியிலேயே நின்றுவிட்டேன். குரல்கள் கேட்டன.

"அப்பா, அந்த ஆளுக்குக் குழந்தைங்க இருக்கு."

"இதெல்லாம் தம்பி பாத்துப்பான்மா. நீ நியூஸைப் பாரு."

அதற்குப் பிறகு சித்தப்பா சமோசாவோடு வந்தால், "ஞாபகம் இல்ல சித்தப்பா" என்று சொல்லத் தொடங்கினாள்.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "யாருக்கு? உனக்கா? பாப்பா, பிறந்த நாள்ல உன்னைத் தூக்கின நர்ஸோட பேரைக்கூட நீ சொல்லுவ!" பிறகு என் பக்கம் திரும்பினார். "செல்வி, காலையில எடுத்ததைப் போடும்மா. முழுசா. வெட்டுறதுக்கு முன்னாடி உள்ளது."

போட்டுத்தான் ஆகவேண்டும். சம்பளம் கொடுப்பது அவர். அதற்குப் பிறகு தெருவில் யாராவது அரசியல் பேச வாயெடுத்தால் அக்கா தன் துப்பட்டாவைச் சரிசெய்வாள். அது எனக்குக் குறிப்பு. நான் கேமராவை அணைத்துவிடுவேன். ஆனால் அவள் மண்டைக்குள் ஓடுவதை யார் அணைப்பது? வண்டியில் திரும்பி வரும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "கேக்காம இருக்கணும்னுதான் பாக்குறேன்டி. காது கேட்டுடுது" என்றாள் ஒருநாள்.

*

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து அந்த அழைப்பு வந்தது. புயலில் சுற்றுலாப் பயணிகள் வெளித்தீவில் மாட்டிக்கொண்டபோது சென்னையின் ஒரு செய்திச் சேனலிலிருந்து ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். கரையேறிய ஒவ்வொருவரிடமும் அக்கா பேசுவதை ஜெட்டியில் ஓரமாக நின்று பார்த்திருக்கிறார். போவதற்கு முன், "நீங்க இங்க இருக்கவேண்டிய ஆள் இல்லம்மா. எங்களுக்கு ரிப்போர்ட்டர் வேணும். யோசிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா யோசிக்கவே இல்லை. அன்றே தலைவரிடம் கேட்டாள். தலைவர் கோபப்படுகிற ஆள் அல்ல.

"போகலாம்மா. தாராளமா போகலாம். எலக்‌ஷன் முடியட்டும்."

கவுன்சில் தேர்தல் முடிந்தது. பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. அதுவும் போய் எம்.பி. தேர்தல். கூட்டுறவுச் சங்கத் தேர்தல். நடுவில் யாரோ செத்து இடைத்தேர்தல். "இந்தத் தீவுல மழை இல்லாத மாசம்கூட வரும் செல்வி. எலக்‌ஷன் இல்லாத மாசம் வராது" என்பாள். ஆனாலும் சென்னைக்காரர் விடவில்லை. மறுபடி பேசினார். கடைசியில் அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். அப்பாவிடம் அனுமதி கேட்பதை விட்டுவிட்டுத் தகவலாகச் சொல்லிவிடுவது. புதுப் பெட்டிகூட வாங்கி வைத்தாள்.

சொல்ல நினைத்த அன்று காலையில் நானும் அவர்கள் வீட்டு வாசலில் இருந்தேன். தலைவர் வெளியே கிளம்பினார். டிரைவர் ரஹீம் பாய் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். தலைவரின் ஜீப், அம்பாசிடர், இப்போதைய கார் எல்லாவற்றையும் ஓட்டியவர் அவர்தான். தலைவர் ஏறப்போனவர், நின்று, ரஹீம் பாயை மரியாதையாகப் பார்த்துக் கும்பிட்டார்.

"பாய் சாப், ஆப் கோன்? நீங்க யாரு, எந்த வார்டு?"

ரஹீம் பாய் சத்தமாகச் சிரித்தார். வாசலில் நின்ற கட்சிக்காரர்களும் சிரித்தார்கள். தலைவரும் எல்லோரையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். அக்கா மட்டும் பின்னாலிருந்து இரண்டு எட்டு வைத்து, "ரஹீம் பாய்ப்பா. உங்க டிரைவர்" என்று உதட்டை அசைத்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து அன்று என்னிடம் சொன்னாள். கொஞ்ச காலமாகவே இப்படி. ஆரம்பத்தில் வாக்காளர்களின் பெயர்தான் மறந்தது. அதற்குத்தான் அக்கா இருக்கிறாளே. அதனால் யாருக்கும் தெரியவில்லை. பிறகு கட்சிக்காரர்களின் பெயர். பிறகு தெருக்கள். செத்துப்போன மனைவி சமையலறையில் இருப்பதாக நினைத்துத் தேநீர் கேட்டிருக்கிறார். உறவினர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு கப்பலில் வேறு பெயரில் கூட்டிப்போய் சென்னை டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. இது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"சித்தப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். 'நீ கூட நில்லு பாப்பா, போதும்'ங்கிறார்." தொட்டியிலிருந்து சொட்டிய தண்ணீரில் விரலால் கோடு இழுத்தாள். "நான் சொல்லிச் சொல்லித்தான்டி அவருக்கு மறந்துச்சு. தானா ஞாபகம் வெச்சுக்க நான் விடவே இல்ல."

"அப்படியெல்லாம் இல்லக்கா. அது வியாதி."

"தெரியும்" என்றாள். தெரிந்தவள் போல இல்லை.

புதுப்பெட்டி அலமாரிமேல் ஏறியது. சென்னைக்காரரிடம் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டாள். அதன் பிறகு அக்காவைத் தனியாகப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. தலைவர் போகும் இடமெல்லாம் அரையடி பின்னால். திருமண மண்டபத்தில், சாவு வீட்டில், சர்ச்சில், மசூதி வாசலில். முன்பு பெயர் மட்டும் சொன்னாள். இப்போது எல்லாவற்றையும் சொன்னாள். "இது சாவு வீடு. சிரிக்காதீங்க." "கையைக் கும்பிடுங்க." "போதும், உக்காருங்க."

*

அடுத்த கவுன்சில் தேர்தலுக்கு முன், எங்கள் சேனலில் தலைவரின் நேரலை நிகழ்ச்சி வைக்கவேண்டும் என்று சித்தப்பா பிடிவாதமாக இருந்தார். எதிர்க்கட்சியினர் வதந்தி கிளப்புகிறார்களாம். தலைவரை மக்கள் பார்க்க வேண்டும். கேள்வி கேட்பது அக்கா. பதில்களை அவள் காலையிலிருந்து அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

பாதிவரை நன்றாகவே போனது. தலைவரின் குரல் ஒரு வசீகரம். என்ன சொல்கிறார் என்பதே முக்கியமில்லாதது போல ஒலிக்கும். அந்த நேரத்தில் ஒரு விமானம் இறங்கியது. அக்கா பழக்கத்தில் கையை உயர்த்தினாள். அறை அதிர்ந்து அடங்கியது. தலைவர் பேச்சைத் தொடரவில்லை. எதிரில் இருந்தவளை உற்றுப் பார்த்தார். அவருக்கே உரிய அந்தப் புன்னகையோடு கேட்டார்.

"உங்களை நான் பாத்ததே இல்லையே மேடம். நீங்க யாரு?"

அக்காவின் கண் ஒரு கணம்தான் விரிந்தது. பிறகு மைக்கைச் சரிசெய்துகொண்டு, தெளிவான குரலில் சொன்னாள்.

"நான் இந்தச் சேனல்ல செய்தி வாசிக்கிறேன் சார். அடுத்த கேள்விக்குப் போகலாமா?"

"தாராளமா" என்றார் தலைவர்.

போர்ட் பிளேரே பார்த்தது. அடுத்த நாள் ஊரில் ஒரே பேச்சு. "பாத்தியா, பொண்ணா இருந்தாலும் சேனல்ல உக்காந்தா வேற ஆளு மாதிரி நடத்துறாரு. குடும்பத்தையும் வேலையையும் கலக்காத மனுஷன்." எங்கள் அப்பாகூட அதைத்தான் சொன்னார். சித்தப்பா சந்தோஷம் தாங்காமல் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிவந்தார். அக்கா தன் பங்கை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

வேட்புமனு நாள் நெருங்கியது. தலைவரை ஓய்வெடுக்க விடலாம் என்று அக்கா சித்தப்பாவிடம் எத்தனையோ முறை கேட்டாள். "கையெழுத்துப் போடுவார்ல? அது போதும்" என்றார் அவர். "ஜெயிச்ச பிறகு பாத்துக்கலாம். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே பாப்பா."

அன்று மாலைச் செய்தி. அக்கா தண்ணீர் விநியோக நேரம் வாசித்தாள். கப்பல் புறப்பாடு வாசித்தாள். வானிலை வாசித்தாள். வணக்கம் சொல்லவேண்டிய இடத்தில் தாள்களை ஒதுக்கிவைத்துவிட்டு நேராக என் கேமராவைப் பார்த்தாள். எனக்கு எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை.

"இன்னும் ஒரு செய்தி இருக்கு. எங்க அப்பாவுக்கு மறதி நோய். உங்க பேரு எதுவும் இப்ப அவருக்குத் தெரியாது. ரொம்ப நாளா நான் பின்னாடி நின்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அன்னைக்கு நேரலையில என்னை யாருன்னு கேட்டாரே, அது நிஜமாவே கேட்டது. அவர் இந்தத் தேர்தல்ல நிக்கக் கூடாது. அவரை நம்பி மனு கொண்டுவராதீங்க. இத்தனை நாள் மறைச்சதுக்கு மன்னிச்சிடுங்க." அதையே ஹிந்தியிலும் சொன்னாள். அவசரப்படாமல், ஒரு சொல் பிசகாமல்.

படியில் தடதடவென்று காலடிச் சத்தம். சித்தப்பா கதவைத் திறந்தபோது அக்கா மைக்கைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கை ஓங்கினார். என்னைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டார்.

"கட்சியைக் கொன்னுட்டே" என்றார்.

"சரி சித்தப்பா" என்றாள். அவர் போன பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு, அழாமல், வாய்விட்டுச் சிரித்தாள். "முடிஞ்சதுடி. இனிமே யாரும் என்னைப் பிடிச்சு வெச்சுக்க மாட்டாங்க. வீட்டைவிட்டே துரத்துவாங்க பாரு. அப்பாவையும் கூட்டிக்கிட்டு சென்னைக்குப் போயிடுவேன்." அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

*

காலையில் பத்துபஸ்தித் தெருவில் கால்வைக்க இடமில்லை.

திட்ட வந்தவர்கள் அல்ல. டெலானிபூரிலிருந்து, ஜங்க்ளிகாட்டிலிருந்து, படகேறி வெளித்தீவுகளிலிருந்துகூட ஜனங்கள் வந்திருந்தார்கள். பெண்கள் அக்காவின் கன்னத்தைத் தடவி அழுதார்கள். "இப்படி ஒரு உண்மையை யாரு சொல்லுவாங்க தீதி?" "எங்க பேரெல்லாம் உனக்குத்தான் தெரியும்னா, எங்களுக்கு நீதான் வேணும்." சித்தப்பா ஓரமாக நின்று கூட்டத்தைக் கொஞ்ச நேரம் அளந்தார். பிறகு வாசல் நடுவுக்கு வந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோரையும்விட அதிகமாக அழுதார். மெயின்லேண்டிலிருந்து கட்சி மேலிடம் அன்று மதியமே பேசிவிட்டது. அந்தப் பெண்ணையே நிறுத்துங்கள்.

முடியாது என்றாள் அக்கா. மறுநாளும் முடியாது என்றாள். சித்தப்பா வற்புறுத்தவில்லை. "சரி, நானே நிக்கறேன்" என்றார் சாந்தமாக. "அண்ணன் எங்கேயும் வரமாட்டார். அவர் கட்சியோட சொத்து. இந்த வீட்டிலேயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன். நீ போயிட்டு வா பாப்பா." தலைவரை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று அக்காவுக்குத் தெரியும். கைபிடித்து மேடையேற்றி, கும்பிட வைத்து, இறக்கிக் கொண்டுவருவார்.

அதற்கும் மசியவில்லை என்றே நினைக்கிறேன். அப்பாவோடு இரவோடிரவாகக் கிளம்பிவிடக்கூட அவளால் முடிந்திருக்கும். ஆனால் மறுநாள் அப்பளம்மா வந்தாள். மீன் கூடையோடு மேல்தளம் வரை ஏறி வந்தாள்.

"உங்க சித்தப்பா நின்னா என் புருஷனுக்கு இந்த ஜென்மத்துல வேலை கிடையாது. நீ நின்னா கிடைக்கும். நில்லு தீதி."

அக்கா அவளையே பார்த்தாள். "அப்பளம்மா, அந்த வேலை போனதே என்னாலதான். நீங்க என்கிட்ட சொன்னதை நான்தான் வீட்டுல சொன்னேன்."

அப்பளம்மா கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "அப்ப நீதான் திருப்பிக் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்று சாயங்காலம் அக்கா வேட்புமனுவில் கையெழுத்திட்டாள். என்னிடம் போனைக் கொடுத்து, "சென்னைக்காரர் லைன்ல இருக்கார். கேமராவுக்கு ஒரு ஆள் வேணுமாம். உன் பேரைச் சொல்லியிருக்கேன்" என்றாள். நான் என்னவோ சொல்ல வந்தேன். கையை உயர்த்தினாள். விமானச் சத்தம் எதுவும் இல்லை. இருந்தும் நான் நிறுத்திக்கொண்டேன்.

*

அக்கா ஜெயித்தாள். அப்பளம்மாவின் புருஷனுக்கு முதல் மாதமே வேலை திரும்பியது. சித்தப்பா இன்னும் செயலாளராகவே இருக்கிறார். கட்சி மேலிடத்துக்கு அக்காவைவிட அவர்மேல்தான் நம்பிக்கை. அக்கா கேட்கும் நாலு காரியத்தில் ஒன்றைச் செய்துகொடுத்து, மூன்றில் அவளைக் கையெழுத்துப் போட வைப்பார் என்று என் அப்பா போனில் சொல்வார். சேனலில் செய்தி வாசிக்க வேறொரு பெண் வந்துவிட்டாள். அடுத்த தேர்தலிலும் அக்காவே நின்றாள், ஜெயித்தாள்.

நான் சென்னையில் இருக்கிறேன். அப்பா ஓய்வுபெற்ற விழாவுக்குப் போன வருஷம் ஊருக்குப் போனபோது பத்துபஸ்தி வீட்டுக்கும் போனேன். காலை வெயில். வாசலிலிருந்து தெருவரை மனு கொடுப்பவர்கள் வரிசை. கீழ்த்தளத்தில் மேஜைக்குப் பின்னால் அக்கா. தலை முன்பக்கம் நரைத்திருந்தது. குரல் மேடைக்குப் பழகி உரத்துவிட்டது. என்னைக் கண்டதும், "வாடி. உன் சைனஸ் எப்படி இருக்கு? உன் வீட்டுக்காரர் வேலை மாறிட்டாரா?" என்றாள். போனில் என் அம்மா எப்போதோ சொன்னதாக இருக்கும். பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

வரிசையில் கொஞ்சம் தள்ளி, வெள்ளை வேட்டி சட்டையில், மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு தலைவர் நின்றுகொண்டிருந்தார். முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் மறுத்துத் தன் முறைக்குக் காத்து நின்றார். ரஹீம் பாய் குடையோடு பக்கத்தில். முறை வந்ததும் மேஜை முன் வந்து கைகூப்பினார்.

"வணக்கம் மேடம்."

"வணக்கம்யா. உக்காருங்க."

உட்காரவில்லை. அதிகாரிகள்முன் ஏழைகள் நிற்பார்களே, அப்படிக் கொஞ்சம் குனிந்து நின்றார். "ஒரு டிக்கெட் வேணும் மேடம். சென்னைக் கப்பல்ல. எனக்கு இல்ல, என் பொண்ணுக்கு."

"சொல்லுங்கய்யா."

"அவளுக்கு அங்க வேலை கிடைச்சிருக்கு. டி.வி.யில. கேட்டு ரொம்ப நாளாச்சு. நான்தான் எலக்‌ஷன் முடியட்டும் எலக்‌ஷன் முடியட்டும்னு..." சொல் தேடி நின்றார். கிடைக்கவில்லை. "அவ வந்து கேக்க மாட்டா. கூச்சப்படுவா. அதான் நானே வந்தேன். கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க மேடம்."

அக்கா பேனாவை மூடி வைத்தாள்.

"அடுத்த கப்பல்ல அனுப்பிடலாம்யா. நீங்க கவலைப்படாதீங்க."

"ரொம்ப நன்றி மேடம். நல்லா இருக்கணும் நீங்க" என்று மறுபடி கைகூப்பினார். திரும்பி நடக்கும்போது நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

"ரோஜ் கா யஹி ஹை" என்று ரஹீம் பாய் என்னிடம் முணுமுணுத்தார். தினமும் இதேதான்.

அக்கா அவரைக் கூப்பிட்டாள்.

"ரஹீம் பாய், நாளையிலேர்ந்து அப்பாவை முதல் ஆளா அனுப்புங்க. வெயில்ல நிக்க வேணாம்."

பிறகு வரிசையைப் பார்த்து அடுத்தவரின் பெயரைச் சொல்லி அழைத்தாள்.